தலைக்கு மேல் பத்து கிராம்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலையில், அண்ணாமலை உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றுகிறார்கள். 3,500 கிலோ நெய், சில ஆண்டுகளில் அதற்கும் மேல்; 1,000 மீட்டர் காடாத் துணியில் திரி; 11 நாள் எரியும் சுடர். பல மைல் தள்ளியிருக்கும் ஊர்களிலும் மக்கள் வாசலில் நின்று அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஒளி அவ்வளவு தூரம் போகிறது. நெய் எரிந்து உண்டான கார்பன் டை ஆக்சைடு என்ன ஆகிறது? 700 கிலோமீட்டர் உயரத்தில், அந்த வாயுவை அளப்பதற்கென்றே சுற்றிவரும் செயற்கைக்கோளுக்கு அது தெரியுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெய்யின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் 3,500 கிலோ நெய், சுமார் 10 டன் கார்பன் டை ஆக்சைடாக மாறும். இனி வானத்தை எடைபோட வேண்டும். ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல், வளிமண்டலம் முடியும் வரை நிற்கும் காற்றின் எடையும் சுமார் 10 டன்தான். அந்த 10 டன்னில் கார்பன் டை ஆக்சைடு ஆறரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மீத்தேன் வெறும் 10 கிராம். ஓசோனை மட்டும் தனியே திரட்டித் தரையில் பரப்பினால் தமிழ்நாட்டில் அதன் கனம் 3 மில்லிமீட்டர்கூடத் தேறாது. சுவடு வாயுக்கள் என்று இவற்றைச் சொல்வது இதனால்தான். இந்த 10 கிராம் மீத்தேன் கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பொறுத்து உலகத்தின் வெப்பநிலை மாறுகிறது.

2014 ஜூலையில் நாசா ஏவிய ஓசிஓ-2 செயற்கைக்கோள் ஒரு தடவையில் பார்க்கும் நிலத்துண்டு ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர். அந்தத் துண்டின் மேல் எப்போதும் 19,000 டன் கார்பன் டை ஆக்சைடு நிற்கிறது. 11 நாளும் எரிந்த நெய்யின் 10 டன்னும் காற்றில் கலையாமல் ஒரே இடத்தில் தேங்கி நின்றதாகவே வைத்துக்கொண்டாலும், பத்து லட்சத்தில் 420 பங்காக இருந்தது 420.2 ஆகும். ஒரு தடவைப் பார்வையில் அந்தக் கருவி நம்பிச் சொல்லக்கூடிய நுணுக்கம் சுமார் 1 பங்கு. அதோடு, தரையில் பட்டுத் திரும்பும் வெயிலை வைத்துத்தான் அது அளக்கிறது. நம் ஊரைக் கடக்கும் நேரம் பிற்பகல் ஒன்றரை மணி. தீபம் அதற்குத் தெரியப்போவதில்லை.

மலையைச் சுற்றிவரும் கூட்டம் நெய்யைவிட அதிகமாக வெளிவிடுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு மனிதர் ஒரு நாளில் மூச்சில் விடுவது சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் 20 லட்சம் பேர் ஒரு நாள் இருந்தால் 2,000 டன். அதையும் காற்று கலைத்துவிடும். நெய்யின் கார்பன் மாடு தின்ற புல்லிலிருந்து வந்தது. மூச்சின் கார்பன் நாம் தின்ற சோற்றிலிருந்து வந்தது. இரண்டும் அண்மையில்தான் காற்றிலிருந்து எடுக்கப்பட்டவை, திரும்பவும் பயிருக்கே போகும். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியைத் தோண்டி எரிப்பதோடு இதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

அந்த நிலக்கரிப் புகை செயற்கைக்கோளுக்குத் தெரிகிறது. மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி மாவட்டத்தில் உள்ள 3,960 மெகாவாட் சாசன் அனல்மின் நிலையத்தின் கார்பன் டை ஆக்சைடை ஓசிஓ-2 தரவிலிருந்து தனியே பிரித்துக் கணக்கிட முடிந்ததைக் கனடிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2017-ல் வெளியிட்டது. ஒரு தனி ஆலையின் புகையை விண்ணிலிருந்து எடைபோட்ட முதல் சில முயற்சிகளில் அது ஒன்று.

எப்படி எடைபோடுகிறார்கள்? வாயுவைச் செயற்கைக்கோள் தொடுவதில்லை, படம்பிடிப்பதுமில்லை. வாயு விழுங்கிய ஒளியைக் கணக்கெடுக்கிறது. சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி காற்றைத் துளைத்துக்கொண்டு தரைக்கு வந்து, மண்ணில் பட்டு, மறுபடியும் காற்றின் வழியாக மேலேறி விண்கலத்துக்குள் நுழைகிறது. இருமுறை கடக்கும்போதும் ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று விதிக்கப்பட்ட அலைநீளங்களை மட்டும் பிடுங்கிக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு அதிரும் வேகங்கள் வேறு, மீத்தேன் அதிரும் வேகங்கள் வேறு. அதனால் உள்ளே வரும் ஒளியை நிறமாலையாக விரித்தால் அது பல் உடைந்த சீப்பைப் போல் இருக்கும். எந்தெந்தப் பல் இல்லை என்பது வாயுவின் பெயரைச் சொல்லும், பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது அளவைச் சொல்லும். கார்பன் டை ஆக்சைடுக்கு 1.61, 2.06 மைக்ரோமீட்டர் அருகே, மீத்தேனுக்கு 1.65, 2.3 மைக்ரோமீட்டர் அருகே. எல்லாமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை விளக்க அண்ணாமலையைவிட நல்ல இடம் கிடைக்காது. மலையுச்சி கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். ஊரிலிருந்து பார்த்தால் 600 மீட்டருக்கும் மேலான ஏற்றம். உச்சிக்கு மேலே நிற்கும் காற்று, அடிவாரக் கோயிலின் ராஜகோபுரத்துக்கு மேலே நிற்கும் காற்றைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. கார்பன் டை ஆக்சைடும் அதே அளவு குறைந்துதான் இருக்கும். பள்ளத்தின் ஆழத்தை மட்டும் நம்பினால், மலைக்கு மேலே 30 பங்கு குறைந்துவிட்டதாகத் தவறான விடை வரும். நாம் தேடுவதோ ஓரிரு பங்கு வேறுபாட்டை. ஆகவே ஓசிஓ-2 ஆக்சிஜனையும் சேர்த்தே அளக்கிறது. ஆக்சிஜன் 0.76 மைக்ரோமீட்டரில் ஒளியை விழுங்கும். காற்றில் அதன் பங்கு எங்கும் 21 சதவீதம். எவ்வளவு ஆக்சிஜன் என்று தெரிந்தால் மொத்தக் காற்று எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மலை மறைந்துவிடுகிறது. தூசு, மெல்லிய மேகம், தரையின் நிறம் ஆகியவற்றால் வரும் பிழைகளிலும் ஒரு பகுதி இந்த வகுத்தலில் கழிந்துவிடும். செயற்கைக்கோள் தரும் ஒவ்வொரு எண்ணும் இப்படிக் கழித்தும் வகுத்தும் ஊகித்தும் வந்த எண்.

ஒளியை வைத்து வாயுவை அளக்கும் வேலை நமக்குப் புதிதல்ல. பாலக்காடு கல்பாத்தியில் பிறந்து, சி.வி. ராமனிடம் ஆய்வு பயின்ற கே.ஆர். ராமநாதன், ஓசோனை அளப்பதில் உலகத்துக்கே வழிகாட்டியவர்களில் ஒருவர். சர்வதேச ஓசோன் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். கொடைக்கானலில் 1950-களின் பிற்பகுதியிலிருந்தே டாப்சன் நிறமாலைமானி சூரியனைப் பார்த்து, இரண்டு புற ஊதா அலைநீளங்களின் பிரகாசத்தை ஒப்பிட்டு, தலைக்கு மேலுள்ள ஓசோனை அளந்து வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், செகந்திராபாத்தில் குளிர்பதனத் தொழிலில் சிறிது காலம் வேலை பார்த்தவர். அங்கே கசியும் குளிரூட்டி வாயு அவருடைய அன்றாடத் தொல்லை. அதே குடும்பத்து குளோரோஃபுளோரோகார்பனின் ஒரு மூலக்கூறு, வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கார்பன் டை ஆக்சைடின் ஒரு மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்கு வலியது என்று 1975-ல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். புவி வெப்பமாதலில் கார்பன் டை ஆக்சைடைத் தவிர மற்ற சுவடு வாயுக்களையும் சேர்த்துப் பேசும் வழக்கம் அந்தக் கட்டுரையிலிருந்து வேகம் பிடித்தது.

நம் பக்கத்து மலையிலும் ஒரு கதை இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் வடமேற்கில் தொடங்கித் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் போகும் ஜவ்வாது மலையில், காவலூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வான் ஆய்வகம் இருக்கிறது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோள் கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காற்றே இல்லாத துணைக்கோள் என்றால் விண்மீன் சட்டென்று அணைய வேண்டும். காற்று இருந்தால் மங்கி மங்கி அணையும். காவலூரில் புதிதாக நிறுவப்பட்டிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அந்த மறைவைப் பதிவு செய்தார்கள். கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று முடிவு கட்டப்பட்டது. 1979-ல் வாயேஜர்-1 அருகே போய்ப் பார்த்தபோது, வாயு இருந்தாலும் அது முன்பு சொன்னதைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு மெல்லியதாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே மிகச் சிறிதளவு ஆக்சிஜனைக் கண்டது. காவலூரில் பார்த்தவர்கள் கவனமாகத்தான் பார்த்தார்கள். ஒளி மங்கியதற்கு அவர்கள் சொன்ன காரணம், வேறொரு வழியில் சரிபார்க்கப்படும் வரை முடிவாகவில்லை, அவ்வளவுதான்.

மங்கள்யானுக்கும் இதே பாடம் கிடைத்தது. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட அந்தக் கலம் மூன்று கிலோவுக்கும் குறைவான மீத்தேன் கருவி ஒன்றைச் செவ்வாய்க்குக் கொண்டுபோனது. செவ்வாயின் காற்று பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. மீத்தேன் விழுங்கும் அலைநீளங்களைச் சுற்றியிருக்கும் மற்ற ஒளி விழுங்கல்களிலிருந்து தனியே பிரித்தறிய அந்தக் கருவியால் முடியவில்லை. செவ்வாய்த் தரை எங்கே எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்ற வரைபடத்துக்கு அதன் தரவு பயன்பட்டது. எளிய கருவியை அவ்வளவு தூரம் கொண்டுபோய் இயக்கியது பெரிய சாதனை. சுவடு வாயுவைப் பிரித்தறிவது எவ்வளவு கடினமான வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பூமியின் மீத்தேனுக்கு வருவோம். நான் சொல்ல வந்ததே இதைத்தான். ஆரணி அரிசிக்குப் பெயர்போனது நம் திருவண்ணாமலை மாவட்டம். போளூர், செய்யாறு, வந்தவாசி, சேத்துப்பட்டு என்று எங்கு போனாலும் ஏரியும் அதன் கீழ் நெல் வயலும். வயலில் தண்ணீர் நிற்கும்போது சேற்றுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டும் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே மக்கும் பொருளைத் தின்று மீத்தேனை விடுகின்றன. அதில் பெரும்பங்கு குமிழியாக வருவதில்லை. நெற்பயிர் தன் வேருக்குக் காற்று கொண்டுபோகத் தண்டுக்குள் வைத்திருக்கும் பாதை வழியாகவே மேலேறி வெளியே வந்துவிடுகிறது. தொழில் யுகத்துக்கு முன் காற்றில் நூறு கோடிக்குச் சுமார் 720 பங்காக இருந்த மீத்தேன் இப்போது 1,900-ஐத் தாண்டிவிட்டது. முதல் இருபது ஆண்டுகளில் அதன் வெப்பமூட்டும் வலிமை, எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப் போல் 80 மடங்குக்கும் மேல்.

இந்த நெல் மீத்தேனை வைத்து இந்தியாவின் மேல் பெரிய பழி விழுந்தது. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன் மீத்தேன் விடுவதாக மதிப்பிட்டது. நம் வயலில் யாரும் அளந்து சொன்ன எண் அல்ல அது. வேறு நாட்டு வயல்களின் அளவை நம் ஏக்கர் கணக்கால் பெருக்கி வந்தது. அசேஷ் பிரசாத் மித்ராவின் தலைமையில், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் பல நிறுவனங்களும் 1991-ல் நாடெங்கும் வயல்களுக்குள் இறங்கின. பயிரின் மேல் ஒளிபுகும் பெட்டியைக் கவிழ்த்து, குறித்த நேர இடைவெளியில் ஊசிக்குழாயில் காற்றை உறிஞ்சி, ஆய்வகத்தில் மீத்தேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. விடை சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. உயிர் வாழ நெல் விளைவிப்பவனின் உமிழ்வையும் சொகுசுக் காரின் உமிழ்வையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்று சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வாதாடிய அதே ஆண்டு அது. வாதத்தில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்குப் பெட்டியும் ஊசிக்குழாயும் எண் கொடுத்தன.

பிறகு செயற்கைக்கோள்கள் வந்தன. 2002-ல் ஐரோப்பாவின் என்விசாட்டில் சியாமாச்சி, 2009-ல் ஜப்பானின் கோசாட், 2017-ல் சென்டினல்-5பி கலத்தில் ட்ரோபோமி. கோசாட் தரவோடு தரைநிலையங்களின் அளவுகளையும் விமானத்தில் எடுத்த அளவுகளையும் சேர்த்து, 2010 முதல் 2015 வரை இந்தியாவின் மொத்த மீத்தேன் ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி டன் என்றும், அது குறிப்பிடும்படி கூடவில்லை என்றும் அனிதா கணேசனின் குழு 2017-ல் காட்டியது. நெல், மாடு, குப்பை, நிலக்கரி எல்லாம் சேர்த்தே இவ்வளவு. இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்திருந்த கணக்கோடு இது ஒத்துப்போனது. பழைய 3.8 கோடி டன் நெல்லுக்கு மட்டும் சொல்லப்பட்டது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வயலில் கவிழ்த்த பெட்டிக்கு வானமே சாட்சி சொன்னது என்று எனக்குப் படுகிறது.

ஆனால் நாட்டுக்குச் சாட்சி சொல்லும் வானம் மாவட்டத்துக்குச் சொல்வதில்லை. ட்ரோபோமியின் மீத்தேன் பார்வையில் ஒரு புள்ளி என்பது சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்கு ஏழு கிலோமீட்டர். டெல்லி, மும்பையின் மாபெரும் குப்பைமேடுகள் போல ஓரிடத்தில் பீறிட்டு வரும் மீத்தேன் அதற்கு அகப்படும். அப்படிச் சந்தேகம் வந்த இடத்தைக் கூர்மையான வேறு செயற்கைக்கோளால் நெருங்கிப் பார்த்துக் கண்டும் இருக்கிறார்கள். வயல் மீத்தேன் பரவலாக, மெதுவாக வருகிறது. கூடவே நம் ஊருக்கென்றே இரண்டு தடைகள் உண்டு. முதலாவது தண்ணீர். மீத்தேனை அளக்கும் அகச்சிவப்பு அலைநீளங்களைத் தண்ணீர் குடித்துவிடும். நிறைந்த ஏரியும் நீர் நிற்கும் வயலும் செயற்கைக்கோளுக்குக் கறுப்பாகவே தெரியும். எங்கே மீத்தேன் பிறக்கிறதோ அங்கேயே திரும்பி வரும் ஒளி குறைவு. இரண்டாவது மேகம். சம்பா வயலில் தண்ணீர் கட்டி நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அண்ணாமலை மண்சரிவில் ஏழு உயிர்களைப் பலிகொண்ட அந்த வாரம் போல, நாள்கணக்கில் தரையே தெரியாமல் போகும். மார்கழி, தை கடந்து நவரைப் பட்டத்தில் வானம் தெளிந்த பிறகு எடுத்த அளவை வைத்துச் சம்பாவைக் கணக்கிட்டால், 1990-ல் நடந்ததுதான் சிறிய அளவில் திரும்ப நடக்கும்.

இது ஏட்டளவுக் கவலை அல்ல. வயலில் எப்போதும் தண்ணீர் கட்டாமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைகிறது. விளைச்சல் பெரிதாகக் குறைவதில்லை, தண்ணீரும் மிச்சம். திருந்திய நெல் சாகுபடி செய்தவர்களுக்கு இது பழகிய முறை. இப்படிக் குறைத்த மீத்தேனுக்குக் கார்பன் சந்தையில் விலை உண்டு என்று சொல்லி நிறுவனங்கள் விவசாயிகளைத் தேடி வருகின்றன. எவ்வளவு குறைந்தது என்று யார் சொல்வது? விண்ணிலிருந்து ரேடார் அலையால் வயலில் தண்ணீர் நிற்கிறதா வடிந்ததா என்று மேகத்தைத் துளைத்துப் பார்க்கலாம். மீத்தேனை அப்படிப் பார்க்க முடியாது. போளூர்க்காரரின் வயலுக்கு வேறு மாநிலத்து வயலின் எண்ணைப் பொருத்தி விலை பேசினால் அது நியாயமாகாது. பணம் அவருக்குக் கூடுதலாக வந்தாலும் சரி, குறைவாக வந்தாலும் சரி.

பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. புதுச்சேரி பல்கலைக்கழக வளாகத்தில், நமக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில், 2006 முதல் கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்துக் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு என்று அளந்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வகம் ஒன்றும், காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனமும் அதில் பங்காளிகள். லடாக்கின் ஹான்லேயும் அந்தமானின் போர்ட் பிளேரும் அதே வரிசையில் அடுத்த நிலையங்கள். ஆனி முதல் ஆவணி வரை மேற்குக் காற்று ஜவ்வாது மலையைத் தாண்டி, செங்கம், திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக அந்தக் குடுவைகளுக்குப் போகிறது. ஐப்பசியில் திசை மாறி, வங்கக் கடலின் காற்று புதுச்சேரியைத் தொட்டு நம் வயல்கள் மேல் வந்து ஜவ்வாது மலையில் ஏறுகிறது. மலையின் பக்கம், ஜமுனாமரத்தூரிலோ காவலூரிலோ, இன்னொரு கருவியை வைத்தால் போதும். காற்று நுழையும் இடத்தில் ஒரு அளவு, வெளியேறும் இடத்தில் ஒரு அளவு. இரண்டின் வித்தியாசத்திலிருந்து இடையிலுள்ள ஏரிகளும் வயல்களும் மாடுகளும் ஊர்களும் விட்டதைக் கணக்கிடலாம். மேகம் மூடினாலும், இரவானாலும் அது அளக்கும். அதற்குக் கீழே ஆரணியிலும் வந்தவாசியிலும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும், நட்டது முதல் அறுப்பது வரை, வயலில் பெட்டி கவிழ்த்து ஊசிக்குழாயில் காற்றெடுக்கும் நாலைந்து இளைஞர்கள் வேண்டும். ஐரோப்பா அடுத்து அனுப்பவிருக்கும் கலங்கள் 2 கிலோமீட்டர் சதுரம் வரை கூர்ந்து பார்க்கும். அவை நம் மாவட்டத்தின் மேல் பறந்து ஒரு எண்ணைச் சொல்லும்போது, ஒப்பிட்டுப் பார்க்க நம் கையிலும் ஒரு எண் இருக்க வேண்டும்.